இரண்டு அளவு வளையல்கள்

அத்தியாயம் ஐந்து

“அவ தனியாப் போகலீங்க. ஒரு பொம்பள கூட்டிட்டுப் போயிருக்கறா. அந்தப் பொம்பளைக்குக் கை பெருசு. இத்தன தானுங்க நான் கண்டுபுடிச்சது. மீதிய நீங்க கண்டுபுடிக்கோணும்.”

பழனிமுத்து ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து கட்டிலின்மேல் கவிழ்த்தார். கண்ணாடி வளையல்கள் மெத்தையில் சிதறிச் சிணுங்கி ஓய்ந்தன.

பழனிமுத்து வீரபாண்டியில் எட்டு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது, சலவைச் சட்டை, தாழ்ந்த குரல். அவர் மனைவி பூவாத்தாளைக் காணாமல் நான்கு நாள் ஆகிறது. போலீசுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஆயம்மாளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். ஆயம்மாளும் ஒரு காலத்தில் போலீஸ்தான். இருபது வருஷம் காக்கி உடுத்தி, தலைமைக் காவலராக வெளியே வந்து, திருப்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மாடியறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது.

“இந்தச் சின்னது அவ அளவுங்க, ரெண்டு நாலு. கல்யாணத்துக்கு நாந்தான் வாங்குனேன், எனக்குத் தெரியும். இந்தப் பெருசு ரெண்டு எட்டு. இத அவ போட்டா கழண்டு உழுந்துரும். அப்பறம் ஆருக்குங்க வாங்கி வெச்சா?”

ஆயம்மாளின் உதவியாளன் காசிமாயன் இரண்டு வளையல்களை எடுத்துக் கண்ணுக்கு நேரே மூக்குக்கண்ணாடிபோல் பிடித்துக்கொண்டான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்து, வாயை மூடாத குற்றத்துக்காக மூன்று கம்பெனிகளிலிருந்து அனுப்பப்பட்டவன்.

“ஐயா எங்களவிட நல்லாத் துப்பறியிறீகளே! பேசாம நீங்க எங்க ஆபீஸுக்கு வந்துருங்க, நாங்க மெஷின் ஓட்டுறோம்.”

பழனிமுத்து சிரித்தார். கபடமில்லாத, நல்ல சிரிப்பு. தன் கண்டுபிடிப்பில் அவருக்கு உண்மையாகவே பெருமை இருந்தது.

“வர்ற முகூர்த்தத்துல தங்கச்சிக்குக் கல்யாணமுங்க. சபையில என்ற பொண்டாட்டி நிக்கலீன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எங்கிருக்கறான்னு எடத்த மட்டும் சொல்லுங்க. கூட்டிட்டு வர்றது என்ற வேல.”

“உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?” என்று ஆயம்மாள் கேட்டாள்.

“அய்யோ, இல்லீங்க. எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்க.”

இல்லை என்றும் இருக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறையில் ஒரு பெரிய ரேடியோ. சும்மா பொத்தானைத் திருகினாள். ஜன்னல் கண்ணாடி அதிரும்படி அது அலறியது. பழனிமுத்து ஓடி வந்து அணைத்தார். “அவளுக்குச் சத்தமாக் கேக்கோணுமுங்க” என்றார். குளியலறைக் கதவின் உள்பக்கம் பழைய தாழ்ப்பாள் ஒன்று. அதற்கு ஒரு சாண் கீழே புதிய தாழ்ப்பாள் இன்னொன்று. புதியதின் திருகாணிகள் கோணல்மாணலாக ஏறியிருந்தன. ஆயம்மாள் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“வளையல் ஆருகிட்ட வாங்குவாங்க?”

“குல்சார் பேகம்னு ஒரு வளையக்காரிங்க. வாரவாரம் எங்க வீதிக்கு வரும். ஊடு டவுனுல பள்ளிவாசலுக்குப் பின்னால. வெயிலுல எதுக்குங்க பஸ்ஸு? என்ற கார்லயே போங்க, டிரைவர் இருக்கறான்.”

வைகாசி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. ஆயம்மாள் சரி என்றாள்.

டிரைவர் கந்தவேல் ஐம்பது வயதுக்காரன். ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். ஆயம்மாள் மடியில் வளையல் டப்பா குலுங்கியது.

“தாழ்ப்பாளப் பாத்தியா காசி?”

“பாத்தேன்க்கா. எங்க ஊரு பேங்குக்கே ஒரு தாழ்ப்பாதான். இங்க குளிக்கிற ரூமுக்கு ரெண்டு.”

“திருகாணி?”

“ஆசாரி வேல இல்ல. கத்தி முனைய வச்சுத் திருகுன மாதிரி இருக்கு.”

“ஆசாரியைக் கூப்பிட முடியாத ஆளு போட்டிருக்கு” என்ற ஆயம்மாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் கந்தவேலின் கண்கள் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பின.

இப்படித்தான் அவளுக்கு எப்போதும் நடக்கும். கண் பார்த்துவிடும். பார்த்ததற்கு ஒரு பெயர் வைக்க மனசு தயங்கும். பெயர் வைத்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். ஸ்டேஷனில் இருந்தபோது பெயர் வைக்காமல் இருப்பதற்கு நிறைய வசதிகள் இருந்தன: மேலதிகாரி, பந்தோபஸ்து, திருவிழா. இப்போது ஒன்றுமில்லை. கொடுத்த வேலையை முடிப்போம், பெரிய கைக்காரியைப் பிடிப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குல்சார் பேகத்தின் வீடு ஒரே வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் கடைசி. முன்கூடம், நடுவில் பச்சைத் திரை, அதற்குப் பின்னால் சமையலறை. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. குல்சார் பேகம் பாயில் உட்கார்ந்து வளையல்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, நிதானமான பெண்மணி. வந்தவர்களைப் பார்த்தாள், அவர்களைத் தாண்டி வாசலில் நின்ற காரைப் பார்த்தாள், கயிற்றைக் கீழே வைத்தாள்.

“வாங்கம்மா. ஆருக்கு வளையலுங்க?”

“வீரபாண்டிப் பூவாத்தாளத் தேடுறோம். இதெல்லாம் நீங்க குடுத்ததுதானுங்களே?”

“என்ற சரக்குதான்.”

“ரெண்டு எட்டு யாருக்குக் குடுத்தீங்க?”

“வேணும்னு கேக்கறவிகளுக்குக் குடுப்பேன். பேரு எழுதியா வெக்கறேன்?”

காசிமாயன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். “பாய்வீட்டம்மா, நான் ஒரு கணக்கு சொல்றேன், சரியான்னு சொல்லுங்க. ரெண்டு அளவுன்னா ரெண்டு பொம்பள. சின்னக் கை பூவாத்தா. பெரிய கை அவுகளக் கூட்டிட்டுப் போனவுக. அந்தப் பெரிய கையி ஒரு அறை விட்டா நான் உசிலம்பட்டியில போய்த்தான் விழுவேன். அதனால ஆளக் காட்டாட்டியும் பரவால்ல, எந்தத் திசையில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

குல்சார் பேகம் சிரிக்கவில்லை. “உன்ற கணக்கு நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்றாள்.

ஆயம்மாள் டப்பாவைப் பாயில் கொட்டினாள். யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் அடுக்கத் தொடங்கினாள். பச்சை எல்லாம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், அப்புறம் நீலம், மயில்கழுத்து நிறம். ஒவ்வொரு நிறத்திலும் சின்னதைத் தனியே, பெரியதைத் தனியே வைத்தாள்.

பச்சையில் சின்னது ஆறு. பெரியது இரண்டு.

சிவப்பில் சின்னது ஆறு. பெரியது ஒன்று.

நீலத்தில் சின்னது ஆறு. பெரியது மூன்று. மயில்கழுத்திலும் சின்னது ஆறு இருந்தது. பெரியது ஒன்றுகூட மிஞ்சவில்லை, கோணல் விளிம்போடு ஒரு சில்லு மட்டும் கிடந்தது.

அவள் கை நின்றது.

“காசி, ரெண்டு பொம்பளைங்க வளையல் வாங்கினா, ஒவ்வொரு தடவையும் ஒரே நிறத்தையா வாங்குவாங்க?”

“எங்க அக்காளும் மதினியும் ஒரே நெறம் எடுத்தா அன்னைக்கு வீட்ல சோறு கெடையாது.”

“ஒரு டஜன் வாங்கியிருக்கா. ஆறு சின்னது, ஆறு பெரிசு. சின்னதுல ஒண்ணுகூட உடையல. உடையிறதெல்லாம் பெரிசுதான்.” அவள் குரல் தேய்ந்தது. “இது ரெண்டு பொம்பள இல்ல. ஒருத்தியோட ரெண்டு கை.”

காசிமாயன் பெரிய வளையல் ஒன்றைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

குல்சார் பேகம் தன் இடது கையை நீட்டி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினாள்.

“வளையல் ஏறோணும்னா இந்த வெரலு இப்பிடி உள்ள மடங்கோணுமுங்க. அந்தப் புள்ளைக்கு எடது கையில மடங்காது. அடியில ஒடஞ்சு, சரியா வெச்சுக் கட்டாம, கோணையாக் கூடிருச்சு. சோப்புப் போட்டுத் தள்ளுனாலும் ரெண்டு நாலு ஏறாது. அவரு முறுக்கிப் புடிக்கிறது எப்பவும் அந்தக் கைதான். ஆம்பளைக்கு வலது கை வாகு பாருங்க, எதுக்க நிக்கறவளோட எடது கைதான் சிக்கும்.”

பழனிமுத்துவின் பெருமை நிறைந்த முகம் ஆயம்மாள் கண்முன் வந்தது. தன் கையாலேயே செய்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல், தடயமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மனைவியின் கை அளவு அவருக்குத் தெரியுமாம். கல்யாணத்தன்று இருந்த அளவு.

“நீங்க கேட்டீங்களா, எப்படி உடைஞ்சுதுன்னு?”

“வளையக்காரி அதக் கேக்கவே கூடாதுங்க. எந்த ஊட்லயும் கேட்டதில்ல. கேட்டா அடுத்த வாட்டி நடை ஏத்த மாட்டாங்க. ஆனா கல்யாணமான பொண்ணு கையப் புடிச்சுட்டு அரை நாழி உக்கார எங்களுக்குத்தான் உரிமை இருக்குது. மாமியா பக்கத்துலயே நிப்பா, புருசன் திண்டுல சாஞ்சிருப்பான். ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கை எல்லாஞ் சொல்லிரும். மூணு வாட்டி அவளுக்கு வலியோட ஏத்துனேன். நாலாவது வாட்டி, அவ கேக்காமயே எடது கைக்குப் பெரிய அளவு எடுத்துட்டுப் போனேன். ஒரு வார்த்த பேசல. போட்டு உட்டேன். அவ அந்த வளையலப் பாத்தா, என்னையப் பாத்தா. தொண்டையில சத்தம் வராம அழுதா. போறப்ப, என்ற ஊடு பள்ளிவாசலுக்குப் பின்னாலதான், கதவு சாத்தறதில்லன்னு சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் தலையசைத்தாள். அவள் குரலில் இப்போது கசப்பு ஏறியிருந்தது.

“இத்தன கண்டுபுடிக்கறீங்க. அவரு காருலயே வந்து எறங்கோணும்னு எப்பிடீங்க தோணுச்சு?”

ஆயம்மாளுக்கு முகம் சுட்டது. வெயிலுக்காக ஏறிய கார். தன் கணவனின் வண்டிச் சத்தத்தை அந்தப் பெண்ணால் எந்தத் தூக்கத்திலும் அடையாளம் காண முடியும்.

பச்சைத் திரை விலகியது.

பூவாத்தாள், பழனிமுத்து காட்டிய கல்யாணப் போட்டோவில் இருந்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். முழங்கை வரை நீண்ட ரவிக்கை. இடது கைப் பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விறைத்து நின்றது.

“ஒளிஞ்சு என்னங்க ஆகப்போகுது, அதான் வந்துட்டீங்களே ஏட்டம்மா” என்றாள்.

ஆயம்மாள் நிமிர்ந்தாள். இரண்டு வருஷமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“என்னையத் தெரியலீங்களா? எம்பத்தி ஏழு, ஆடி மாசம். ஸ்டேஷனுக்கு வந்தேன். அப்ப வெரலு வீங்கி இருந்துது. புதுசு.”

ஆயம்மாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி, புருவம், மூக்குத்தி. தேடித் தேடிப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. மறந்துபோன ஒருத்தி அல்ல; அவளைப்போல வந்த எத்தனையோ பேரில் ஒருத்தி. அந்த முகங்களையெல்லாம் அவள் ஒரே முகமாக்கி வைத்திருந்தாள்.

“தெரியலம்மா” என்றாள்.

“நீங்க சொன்னது எனக்கு மனப்பாடமுங்க. ‘ஒரு வாரம் பொறந்த வீட்ல இரு. அப்புறம் நீயாவே போயிரு. தேடி வர்ற வரைக்கும் வெச்சுக்காத, அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்.’ அதே மாதிரி ஒரு வாரம் இருந்துட்டு நானாவே போனேன்.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவை ஆயம்மாளின் வார்த்தைகள்தான். யாருக்குச் சொன்னோம் என்பது மறந்துவிட்டது, சொன்னது மட்டும் அவளுக்கும் மனப்பாடம்.

“அவரு என்னைய வெச்சு வாழறதுக்குத் தேடலீங்க” என்று பூவாத்தாள் தொடர்ந்தாள். “கல்யாணம் முடியற வரைக்கும் சபையில நிக்கோணும். அப்பறம் தோட்டத்துக் கெணறுன்னு என்ற காதுலயே சொன்னாரு. அடிக்கறப்ப வெக்கற ரேடியோ சத்தத்துலயும் அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.”

“அக்கா” என்றான் காசிமாயன் தணிந்த குரலில்.

வாசலில் கந்தவேல் நின்றிருந்தான். தண்ணீர் கேட்க வந்தவன் கையில் காலி பாட்டில். அவன் பார்வை பூவாத்தாளிடம் போகாமல், படியோரம் கிடந்த இரண்டாவது ஜோடிச் செருப்பின்மேல் இருந்தது. அது யாருடையது என்று அவனைக் கேட்கத் தேவையில்லை. எத்தனையோ முறை அதற்காகக் கார்க் கதவைத் திறந்துவிட்டவன்.

“ஆஸ்பத்திரிக்கு மூணு வாட்டி நாந்தானுங்க கூட்டிட்டுப் போனேன்” என்றான் கந்தவேல், செருப்பைப் பார்த்தபடியே. “மூணு வாட்டியும் ‘வழுக்கி உழுந்துட்டாங்க’ன்னு டாக்டர்கிட்டச் சொன்னதும் நாந்தான். சொல்லச் சொன்னாரு.”

“இப்ப என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள் ஆயம்மாள்.

“மொதலாளி கேட்டா மறைக்க மாட்டேனுங்க. ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கறேன்.” காலி பாட்டிலை அடுத்த கைக்கு மாற்றினான். “ஆனா அவரு கேக்கறதுக்கு நான் அங்க போய்ச் சேரோணுமுங்களே. நீங்க குன்னத்தூர் வரைக்கும் போகோணும்னு சொன்னா, ரோடு ரொம்ப மோசமுங்க. திரும்பி வர சாயங்காலம் ஆயிரும்.”

காசிமாயன் துள்ளி எழுந்தான். “குன்னத்தூர்தான்! நேத்தே கனவு கண்டேன். அந்த ஊர்ல இருக்கிற பெரிய கைய பூராம் அளந்து எழுதிட்டு வந்துர்றேன்க்கா. கடைசியில ஏதாச்சும் ஒரு கை என் கன்னத்த அளந்தாலும் அதையும் எழுதிக்கிறேன்.” கதவருகே போனவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. “அஞ்சு மணி நேரம் இழுப்பேன். அதுக்கு மேல இவரு வண்டிக்கே பொறுக்காது.”

கார் கிளம்பிய சத்தம் தெரு முனையில் தேயும்வரை பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச பெண் வக்கீல் இருக்காங்க” என்றாள் ஆயம்மாள். “கன்னியாஸ்திரிகள் நடத்துற ஒரு விடுதியும் தெரியும், ஆம்பளைங்க கேட்டைத் தாண்ட முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க வேண்டாமுங்க. குல்சாரக்கா வரட்டும்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கடையில் வேண்டாத சாமானைத் தள்ளி வைப்பதுபோல் அமைதியாகச் சொன்னாள்.

“சரி. அப்ப நான் சொல்றதக் கேட்டுக்கோ. முதல்ல பெரியாஸ்பத்திரி. இந்தத் தடவையும் விழுந்தேன்னு சொல்லிட்டா அதுதான் காலத்துக்கும் ரெக்கார்டு. புருஷன் அடிச்சாருன்னு சொல்லு. பேரு, தேதி, எந்தக் கை, எல்லாம் சொல்லு. விபத்துப் பதிவேட்டுல எழுதச் சொல்லி நம்பரை வாங்கிக்கோ. அதுக்கப்புறம் வக்கீல். இதுக்குச் சட்டம் இருக்கு. அடிக்கிற புருஷனை உள்ள வைக்க எண்பத்து மூணுலயே வந்தாச்சு.”

“எம்பத்தி மூணுலயா?” பூவாத்தாள் மெதுவாகக் கேட்டாள். “நான் உங்ககிட்ட வந்தது எம்பத்தி ஏழுங்க.”

குல்சார் பேகம் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

“எனக்கு நீங்க ஒண்ணு செய்யோணும்” என்றாள் பூவாத்தாள். “இத்தன வருசம் ஆருகிட்டயும் சொல்லாத பொம்பள இப்ப எதுக்குப் பொய் சொல்றான்னு அவரு வக்கீலு கேப்பாரு. நான் வந்தேன்னு எழுதிக் குடுங்க.”

“எனக்கு ஞாபகமே இல்லையேம்மா.”

“அதையும் எழுதுங்க.”

குல்சார் பேகத்தின் பேத்தியுடைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். ஆயம்மாள் பாயில் குனிந்து எழுதினாள். இருபது வருஷத்தில் ஆயிரம் அறிக்கை எழுதிய கை நான்காவது வரியில் நின்றது. பிறகு எழுதியது.

‘பூவாத்தாள் என்ற இந்தப் பெண் 1987 ஆடியில் காயத்துடன் என்னிடம் வந்ததாகச் சொல்கிறார். முகம் எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொன்னதாக அவர் சொல்லும் வார்த்தைகள் என்னுடையவை. அவற்றை என்னிடம் வந்த எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். புகாரை வாங்கவில்லை. சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆயம்மாள், முன்னாள் தலைமைக் காவலர்.’

வேலை கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்ததற்கு ஆபீஸ் என்னவாகும், இந்தத் தாளால் பென்ஷன் என்னவாகும் என்பதெல்லாம் எழுதி முடித்தபிறகுதான் மனசில் வந்தது. வந்ததும் போகவில்லை. கூடவே உட்கார்ந்துகொண்டது.

பூவாத்தாள் எட்டாவது வரை படித்தவள். உதடசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒண்ணு உட்டுப் போச்சுங்க. அன்னிக்கு எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தீங்க. பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு, ஓரமா உக்காரு கண்ணுன்னு சொன்னீங்க.”

“அது எதுக்கும்மா? கேஸுக்கு ஆகாது.”

“எழுதுங்க. ஆரோ கெட்டவங்க வெரட்டி உட்டாங்கன்னு கோர்ட்டுல நெனச்சுக்கக் கூடாதுங்க.”

தாளில் கையெழுத்துக்கு மேல் இடமில்லை. ஆயம்மாள் ஓரத்தில், நெருக்கி நெருக்கி எழுதத் தொடங்கினாள்.

“சின்னதா எழுதாதீங்க” என்றாள் பூவாத்தாள்.